பத்து இருக்கைகள்

டோக்கியோ மாநகரின் கின்சா பகுதியில், ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ‘சுகியபாஷி ஜிரோ’ என்னும் உணவகம் உள்ளது. 1965இல் தொடங்கப்பட்ட அவ்வுணவகத்தில் இருக்கைகள் பத்தே. நீண்ட மரமேசையின் ஒருபுறம் விருந்தினர் அமர்வர். மறுபுறம் சமையற்கலைஞர் நிற்பார். இருவருக்கும் இடையே கை நீட்டும் தொலைவே உண்டு.

இச்சிற்றளவு இடப்பற்றாக்குறையால் மட்டும் நேர்ந்ததன்று. சுஷி என்னும் உணவின் இயல்பே அதனை வேண்டுகிறது. பழங்காலத்தில் மீனைச் சோற்றுடன் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்கவைத்துச் சுஷி செய்தனர். டோக்கியோவுக்கு எடோ என்னும் பெயர் வழங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், வினிகர் கலந்த சோற்றைக் கையால் பிடித்து, மேலே மீன்துண்டை வைத்து, உடனே உண்ணத் தரும் வழக்கம் தெருவோரக் கடைகளில் பரவியது. சோறு உடல்வெப்பத்தில் இருத்தல் வேண்டும். ஆறினால் சுவை குன்றும். ஆதலின், வைத்த கவளத்தை அக்கணமே உண்பதே முறை. ஒருவர் தம் கையால் நூறு பேருக்கு அவ்வாறு பரிமாறுதல் இயலாது.

இங்கு விருந்தினர் இன்னது வேண்டும் எனக் கேட்பதில்லை. ‘ஒமகாசே’ என்பர், ‘உங்கள் விருப்பத்திற்கே விடுகிறேன்’ என்பது அதன் கருத்து. அவ்வாறு ஒப்படைத்தவரைக் கூர்ந்து நோக்குவது கலைஞரின் கடமையாகிறது. 1925இல் பிறந்த ஒனோ ஜிரோ, விருந்தினர் இடக்கைப் பழக்கம் உடையவராயின், அடுத்த கவளத்தை அக்கைக்கு வாய்ப்பாக வைப்பார். அனைவரும் ஒரே சீராக உண்டு முடிக்குமாறு சிலருக்குக் கவளத்தின் அளவைச் சற்றே குறைப்பார். ஏறத்தாழ இருபது கவளங்கள். அரைமணி நேரத்தில் விருந்து முடிந்துவிடும். அதன் பின்னுள்ள உழைப்போ நெடியது. ஆக்டோபஸை மென்மையாக்க முக்கால்மணி நேரம் கையால் பிசைவர். பயிற்சிக்கு வருபவர், விருந்தினர் கை துடைக்கும் சுடுதுணியைப் பிழியவே முதலில் கற்பார். முட்டை அடையை இருநூறு முறைக்கு மேல் செய்த பின்னரே ஆசானின் ஒப்புதலைப் பெற்ற மாணவர் ஒருவரை, 2011இல் வெளிவந்த ஆவணப்படம் காட்டுகிறது.

2007இல் மிஷலின் கையேடு இவ்வுணவகத்திற்கு மூன்று நட்சத்திரங்களை வழங்கியது. 2014இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமா இங்கு விருந்துண்டார். புகழ் பெருகியது, இருக்கைகள் பெருகவில்லை. பழகிய விருந்தினருக்கும் பெருவிடுதிகளின் வழியே வருவோருக்குமே இடம் கிடைக்கும் நிலை உண்டாயிற்று. பொதுமக்கள் முன்பதிவு செய்ய இயலவில்லை என்னும் காரணத்தால், 2019இல் கையேடு இவ்வுணவகத்தைத் தன் பட்டியலினின்று நீக்கியது. சுவையில் எக்குறையும் கூறப்படவில்லை. தெருவோரத்தில் எளியோர் உண்ட உணவு இவ்வளவு எட்டாத இடத்திற்குச் சென்றது வருந்தத்தக்கதே.

எனினும், சுஷி ஜப்பானிய எளியோரைக் கைவிட்டுவிடவில்லை. 1958இல் ஒசாகா அருகே ஓர் உணவகத்தில், சுஷித் தட்டுகளைச் சுமந்து செல்லும் சுழல்பட்டை அமைக்கப்பட்டது. குறைந்த விலையில் பலரும் உண்ண அது வழிவகுத்தது. அங்கே விருந்தினர் வேண்டிய தட்டைத் தாமே எடுத்துக்கொள்வர். எந்தக் கையால் எடுக்கின்றனர் என்பதை எவரும் நோக்குவதில்லை.