ஆட்டக்காரப் பிள்ளைகள் ஏன் பள்ளி மாறுகிறார்கள்?

தமிழ்ப்பள்ளியில் பந்து விளையாடும் ஒவ்வொரு பிள்ளையும் 13 வயதில் குழு மாறியே ஆக வேண்டும். தமிழ் இடைநிலைப்பள்ளி இல்லாத நாடு மலேசியா. ஆறு வருடம் ஒரே திடலில் ஓடியவர்கள், ஆறாம் ஆண்டின் கடைசி நாளோடு பிரிந்துவிடுகிறார்கள். பினாங்கு மாநிலத்தின் புக்கிட் தெங்கா, ஜூரு, பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்துப் பிள்ளைகள், வீடு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து, ஆளுக்கொரு தேசிய இடைநிலைப்பள்ளியில் போய்ச் சேர்கிறார்கள். முன்வரிசையில் கோல் அடித்தவன் ஒரு பள்ளியில், அவனுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தவன் வேறொரு பள்ளியில்.

“நல்லா விளையாடுற பையன் ஏன் பள்ளிக்கூடம் மாறுறான்?” என்று கேட்பவர்கள் வழக்கமாகப் பதினைந்து, பதினாறு வயதில் நடக்கும் மாற்றத்தைத்தான் மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை அது இரண்டாவது மாற்றம். முதல் மாற்றத்தை யாரும் மாற்றம் என்றே நினைப்பதில்லை. அதில் தொலைந்துபோகிறவர்களையும் யாரும் எண்ணுவதில்லை.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. 150 மாணவருக்குக் கீழே போனால் அரசாங்கக் கணக்கில் அது குறைந்த மாணவர் பள்ளி. அப்படிப்பட்ட பள்ளியில் காற்பந்துக் குழு அமைப்பதென்றால் நாலாம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டுப் பையன்களையும் சேர்த்தால்தான் ஆள் தேறும். அங்கே திறமையுள்ள பிள்ளை எல்லாமாகவும் இருப்பான்: பின்களத்தில் தடுப்பான், நடுவில் ஓடுவான், பெனால்டியும் அவனே உதைப்பான். அதே பிள்ளை மறுவருடம் பெரிய இடைநிலைப்பள்ளிக்குள் நுழைகிறான். அங்கே அவன் வயதில் அவனைப் போல இருபது பேர். புதிய மொழிச் சூழல், முன்பின் தெரியாத பயிற்றுநர், அண்ணன் வயதுப் பையன்கள். பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்கிறான்.

பள்ளி மாறுவதற்கு எத்தனையோ காரணம் சொல்வார்கள். என் கணிப்பில் முதல் காரணம் இந்தப் பெஞ்சுதான். ஆடுகிறவனைத்தான் தேர்வாளர் பார்ப்பார். பள்ளியிலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து மாநிலம், மாநிலத்திலிருந்து மலேசியப் பள்ளிகள் விளையாட்டு மன்றம் நடத்தும் தேசியப் போட்டி என்று படிப்படியாக ஏற வேண்டிய ஏணி இது. முதல் படியில் பெயர் வராதவனுக்கு மேலே உள்ள படிகள் கிடையாது. வயதுப் பிரிவு வேறு காத்திருக்காது. ஒரு வருடம் உட்கார்ந்திருந்தால் அந்த வருடம் போனதுதான்.

இதே காரணம் உலகத்தின் மறுமூலையில் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் கையில் பந்தை ஏந்தி ஓடும் அவர்களுடைய ஆட்டம். அதன் பெரிய மேடை பல்கலைக்கழகங்கள். உபகாரச் சம்பளத்தில் சேரும் மாணவன், முன்பெல்லாம் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் பொதுவாக ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2018 அக்டோபரில் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ என்ற பதிவேடு வந்தது. மாற விரும்பும் ஆட்டக்காரர் தன் பல்கலைக்கழகத்திடம் சொன்னால், இரண்டு வேலை நாளுக்குள் அவர் பெயரை அதில் ஏற்றியாக வேண்டும். அதன் பிறகு எந்தப் பயிற்றுநரும் அவரை அழைத்துப் பேசலாம். 2021 ஏப்ரலில் முதல் மாற்றத்துக்கு ஒரு வருடக் காத்திருப்பு நீக்கப்பட்டது. 2024இல், படிப்பில் தகுதி குறையாமல் இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்று விதி தளர்ந்தது.

ஜோ பர்ரோவின் கதை இதில் முக்கியமானது. ஒகாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் இருந்தும் முதன்மை ஆட்டக்காரராக முடியவில்லை. 2018இல் பட்டத்தை முடித்துக்கொண்டு லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2019இல் கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மனை வென்றார். தேசியப் பட்டமும் கிடைத்தது. 2020இல் தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது முதல் பெயர் அவருடையது. கேம் வார்ட் இன்னும் கீழேயிருந்து வந்தவர். உயர்நிலைப்பள்ளி முடித்தபோது பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அவரைச் சீண்டவில்லை. இன்கார்னேட் வேர்ட் என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் தொடங்கி, வாஷிங்டன் ஸ்டேட் போய், அங்கிருந்து மயாமி போய், 2025இல் அவரும் முதல் தேர்வானார்.

17, 18 வயதில் கணிக்கத் தவறியதைத் திருத்திக்கொள்ள இவர்களுக்கு ஒரு கதவு திறந்திருந்தது. மாறிய எல்லாரும் பர்ரோ ஆகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போர்ட்டலில் பெயர் ஏற்றிய பிறகு எந்தப் பல்கலைக்கழகமும் அழைக்காமல், கையிலிருந்த உபகாரச் சம்பளத்தையும் இழந்து நிற்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் பயிற்றுநர். அமெரிக்கப் பயிற்றுநர் லிங்கன் ரைலி ஒக்லஹோமா பல்கலைக்கழகத்திலிருந்து தென் கலிபோர்னியாவுக்குப் போனபோது அவருடைய ஆட்டக்காரர் கேலப் வில்லியம்ஸ் பின்னாலேயே போனார். இன்னொரு பயிற்றுநர் டியோன் சாண்டர்ஸ் ஜாக்சன் ஸ்டேட்டிலிருந்து கொலராடோ போனபோது டிராவிஸ் ஹன்டரும் கூடப் போனார். வில்லியம்ஸும் ஹன்டரும் மாறிய இடத்தில் ஹைஸ்மன் வென்றவர்கள். நம் பள்ளிகளிலும் இதே கதை உண்டு, சத்தமில்லாமல். இங்கே பயிற்றுநர் என்பவர் பெரும்பாலும் கணிதமோ மலாயோ போதிக்கும் ஒரு ஆசிரியர். மாலை மூன்று மணிக்கு மேல் தன் நேரத்தைக் கொடுத்து, சில சமயம் தன் காரிலேயே பிள்ளைகளை ஆட்டத்துக்கு ஏற்றிப் போகிறவர். அவருக்கு மாற்றல் கடிதம் வந்தால் அந்தப் பள்ளியின் காற்பந்து அதோடு படுத்துவிடும். புதிதாக வருகிறவருக்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அந்த நிலையில் ஒரு தகப்பன் தன் பையனை வேறு பள்ளிக்கு மாற்ற அலைந்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

மூன்றாவது, பணம். அமெரிக்க மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று 2021 ஜூலையில் வழி பிறந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் முதல் வருடத்தில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பங்கிடலாம் என்றானது. இங்கே பள்ளிப் பையனுக்குச் சம்பளம் யாரும் தருவதில்லை. ஆனால் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு, அரசாங்கச் செலவில் தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, பயிற்சி எல்லாம் கிடைக்கும் விடுதிப் பள்ளி என்றால் அதுவும் பணம்தான். கால் வளர வளர பூட்ஸ் வாங்கிக் கொடுத்த பெற்றோருக்கு இது விளக்காமலே புரியும்.

அந்த விடுதிப் பள்ளிகள்தாம் இந்நாட்டில் ஆட்டக்காரப் பிள்ளைகள் மாறிப்போகும் முக்கிய இடம். கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி 1996இல் தொடங்கியது. ஜொகூரின் பண்டார் பெனாவாரில் 1998இல் இன்னொன்று. காற்பந்துக்கென்றே பகாங் மாநிலம் கம்பாங்கில் மொக்தார் டஹாரி அகாடமி இருக்கிறது. 2014இல் தொடங்கிய தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டத்தின் உச்சியில் இருப்பது அதுதான். பாயர்ன் மியூனிக்கின் இளையர் பிரிவில் பயிற்சி அளித்த லிம் தியோங் கிம் அத்திட்டத்தின் முதல் இயக்குநர். மாவட்டப் பயிற்சி மையங்களில் சிறு வயதிலேயே பிள்ளைகளைக் கண்டெடுத்து, வடிகட்டி, இடைநிலைப்பள்ளி வயதில் கம்பாங்குக்குக் கொண்டுபோவது திட்டம்.

புக்கிட் தெங்காவிலிருந்து புக்கிட் ஜாலிலுக்குச் சுமார் 350 கிலோமீட்டர். கம்பாங் 500 கிலோமீட்டருக்கு மேல். பண்டார் பெனாவார் 700ஐத் தாண்டும். 13 வயதுப் பிள்ளை பள்ளி விடுமுறைக்கு மட்டும் வீடு பார்க்க வரும் தூரங்கள் இவை. காலையில் பயிற்சி, நடுவில் வகுப்பு, மாலையில் மீண்டும் பயிற்சி. உடல் களைத்துப் படுக்கும் பிள்ளைக்கு அம்மா சமையல் நினைவுக்கு வந்தால் தொலைபேசியில் பேசிக்கொள்ள வேண்டியதுதான். ஏங்கியே திரும்பிவிட்ட பிள்ளைகளைக் கோழைகள் என்று ஊரில் யாரும் பேசக் கூடாது. அந்த வயதில் அது பெரிய பாரம்.

இங்கே பெற்றோர் பலர் கேள்விப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. உலகம் முழுவதும் இளையர் காற்பந்தில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டது அது: வயதுப் பிரிவின் தொடக்க மாதங்களில் பிறந்த பிள்ளைகளே அதிகம் தேர்வாகிறார்கள். நம் பள்ளிக் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. 12 வயதில் ஜனவரிப் பிள்ளைக்கும் டிசம்பர்ப் பிள்ளைக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம். உயரம், வேகம், எலும்பின் உறுதி எல்லாவற்றிலும் அது தெரியும். தேர்வாளரின் கண்ணில் படுவது அந்த வளர்ச்சி. அதைத் திறமை என்று குறித்துக்கொள்கிறார். 16 வயதில் டிசம்பர்ப் பிள்ளையும் வளர்ந்து நிற்கும்போது, இடங்கள் நிரம்பியிருக்கும்.

எதிர்ப்புறமும் உண்டு. விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தாலும் இடம் நிரந்தரமில்லை. மதிப்பீட்டில் தேறாதவர், காயத்தில் விழுந்தவர், வழக்கமான பள்ளிக்குத் திரும்ப வேண்டி வரும். திரும்பும் பிள்ளை வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் பாதி வருடத்தில் நுழைகிறான். அங்கே குழு ஏற்கெனவே அமைந்திருக்கிறது. அவன் எடுத்த பாடங்கள் அங்கே இல்லாமல் இருக்கலாம். ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். நெருங்குகிறது. அமெரிக்க மாணவனுக்கு ஒரு பதிவேடும் அவனை அழைக்கக் காத்திருக்கும் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். நம் பையனுக்கு இருப்பது அப்பாவின் மோட்டார் சைக்கிளும் மாவட்டக் கல்வி இலாகாவின் முகப்பும்தான். போகும்போது மாலை போடுகிறோம், வரும்போது கதவைக்கூடத் திறப்பதில்லை. இதுதான் என்னை உறுத்துகிறது.

பல்கலைக்கழகத்தில் பிடித்துக்கொள்ளலாமே என்றால், அங்கே பாதை குறுகலானது. அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. மாநிலத்துக்கு ஆடியவனின் வியர்வை பெரும்பாலும் அந்தப் பத்துக்குள்தான் அடங்கும். மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் குழு 2020இல் மலேசிய சூப்பர் லீக்கில் ஆடியது. அந்த உச்சப் பிரிவைத் தொட்ட முதல் பல்கலைக்கழகக் குழு அதுதான். 2021 பருவத்தோடு கீழே இறங்கியது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பினாங்கு வளாகம் நமக்குப் பக்கத்தில், பெர்மாத்தாங் பாவில் இருக்கிறது. ஆனால் அதன் சேர்க்கை மலாய்க்காரர், பூர்வகுடியினர் அடங்கிய பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகக் குழுவும் அப்போதைய இரண்டாம் பிரிவான மலேசிய பிரீமியர் லீக் வரை வந்து ஆடியிருக்கிறது. நம் பிள்ளைகள் கண் வைக்க வேண்டியது இதுபோன்ற பல்கலைக்கழகங்கள்மீதும், விளையாட்டு உபகாரச் சம்பளம் தரும் தனியார் கல்லூரிகள்மீதும். இரண்டுக்கும் எஸ்.பி.எம். சான்றிதழ் முதலில் கையில் இருக்க வேண்டும்.

வெளிநாட்டுக் கிளப்புக்கு அனுப்புகிறேன் என்று யாராவது முகவர் 15 வயதுப் பையனின் வீட்டுக்கு வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். 18 வயதுக்குக் கீழ் நாடு விட்டு நாடு மாறுவதை, ஒருசில விதிவிலக்குகள் தவிர, ஃபிஃபா தடுத்திருக்கிறது. மொக்தார் டஹாரி அகாடமியில் வளர்ந்த கிளந்தான் பையன் லுக்மான் ஹக்கிம் சம்சுடின், பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் குழுவோடு 2019இல் ஒப்பந்தம் செய்தார். அவர் அங்கே போய்ச் சேர்ந்தது 2020இல், 18 ஆன பிறகு.

பிள்ளையை இழக்கும் சிறு பள்ளிக்கு என்ன கிடைக்கிறது? தொழில்முறை ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலத்தின் நடுவில் விலைக்கு மாறினால், அந்தத் தொகையில் 5 விழுக்காட்டை அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது ஃபிஃபா விதி. அது பதிவு பெற்ற கிளப்புகளுக்குப் போகும் பணம். ஏழு வயதில் பந்தை நிறுத்திப் பழக்கிய தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் வருடங்கள் பெரும்பாலும் அந்தக் கணக்குத் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. அவர் பணம் எதிர்பார்த்துச் செய்தவரும் இல்லை. 2009இல் சீ விளையாட்டுக் காற்பந்துத் தங்கத்தையும் 2010இல் தென்கிழக்காசியாவின் சுசுகி கிண்ணத்தையும் மலேசியாவுக்கு வாங்கித் தந்த பயிற்றுநர் கே.ராஜகோபால். அப்படி ஒரு பெயர் இன்னொரு முறை நம்மிடமிருந்து எழ வேண்டுமானால், அந்த ஆசிரியரின் மாலை நேரம்தான் தொடக்கம்.

பள்ளி மாற்றக் கடிதம் கையில் வந்திருக்கும் பெற்றோர், கையெழுத்துப் போடும் முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மதிப்பீடு எப்போது, யார் செய்வார்கள்? காயம்பட்டால் மருத்துவமும் இடமும் என்ன ஆகும்? நாலாம் படிவத்தில் என்னென்ன பாடங்கள் உண்டு, தமிழ் எடுக்க முடியுமா? நடுவில் திரும்ப நேர்ந்தால் எந்தப் பள்ளியில் இடம் தருவார்கள்? பதில்களை எழுதி வாங்குங்கள். பிறகு இரவுச் சாப்பாட்டின்போது பையனிடமும் ஒரு முறை கேளுங்கள், அவனுக்குப் போக விருப்பமா என்று. அவன் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டால், காத்திருங்கள்.