நிலமும் பிள்ளைகளும் – 6
ஒரு பிள்ளைக்கு ஒரு சென்ட்

ஆதரவற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இல்லங்களில் தோட்டம் போட்டு, அதன் வழியாக அவர்களைத் தம் காலில் நிற்பவர்களாக வளர்க்க வேண்டும் என்ற கருத்து இரண்டரை நூற்றாண்டுகளாகப் பல நாடுகளில் முன்வைக்கப்பட்டும், முயன்று பார்க்கப்பட்டும், சில இடங்களில் கைவிடப்பட்டும் வந்திருக்கிறது. அந்த முயற்சிகளில் நிலைத்தவற்றையும் நிலைக்காதவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எஞ்சுகிறது: தற்சார்பு அடைய வேண்டியது இல்லமா, பிள்ளையா? இல்லத்தின் காய்கறிச் செலவைக் குறைப்பதற்காகப் போடப்படும் தோட்டமும், பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைக்கு ஒரு பிடிமானம் இருக்க வேண்டும் என்பதற்காகப் போடப்படும் தோட்டமும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், நடைமுறையில் வெவ்வேறு திசைகளில் செல்பவை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் கல்வராயன் மலையையும் முன்னிறுத்தி இந்த வேறுபாட்டை இவ்வாரம் காணலாம்.

விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று செயல்படத் தொடங்கியது. அதன் மேற்கே எழும் கல்வராயன், ஜவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை ஆகியவற்றோடு சேர்ந்து கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கண்ணியாக அமைந்து, வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என்று இரு கூறாக வழங்கப்படுகிறது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட இம்மலைப்பகுதியில் வாழ்பவர்களில் பெரும்பான்மையோர் மலையாளிகள் எனப்படும் தமிழ் பேசும் பழங்குடியினர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கிவரும் மரபு. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றை மழையை நம்பி மேட்டுக்கொல்லைகளில் விதைத்துவந்த இவர்களின் நிலத்தில், சில பத்தாண்டுகளாக மரவள்ளி பெருமளவு இடம்பிடித்திருக்கிறது. குச்சிக்கிழங்கு என்று இப்பக்கத்து மக்கள் சொல்லும் இந்தக் கிழங்கு ஆத்தூர், சேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்கு, அதாவது ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் தயாரிக்கும் ஆலைகளுக்கு, லாரிகளில் இறங்குகிறது. விலை நன்றாக இருக்கும் ஆண்டில் கையில் பணம் புரள்கிறது. விலை விழும் ஆண்டில், உண்பதற்குச் சாமையும் இல்லாமல் விற்ற பணமும் இல்லாமல் குடும்பங்கள் காப்பி, மிளகுத் தோட்டங்களைத் தேடிக் கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் புறப்படுகின்றன. அப்படிப் புறப்படும் வீடுகளின் பிள்ளைகளுக்கு அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் விடுதிகளும் இல்லங்களுமே ஆண்டின் பெரும்பகுதிக்கு வீடாகின்றன.

மலையடிவாரத்தில் நிலைமை வேறொரு விதத்தில் கடுமையானது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியானபோது, பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்த பிள்ளைகளின் எதிர்காலம் மாநிலம் முழுவதும் பேசப்பட்டது. இருவரையும் இழந்தவர்களுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 5,000 ரூபாய் வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. அதையொட்டிச் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைவாழ் மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு ஒன்றை எடுத்துக்கொண்டது. உதவித்தொகை தேவைதான், ஆனால் பதினெட்டு வயதோடு அது நின்றுவிடும். பத்தொன்பதாம் வயதில் அந்தப் பிள்ளையின் கையில் என்ன இருக்கும் என்பதே தோட்டத்தைப் பற்றிய இந்தப் பேச்சுக்கு அடிப்படை.

இம்முயற்சிகளில் முன்னோடியானதும் மிகுந்த படிப்பினை தருவதும் சுவிட்சர்லாந்தில் நடந்தது. கல்வியாளர் பெஸ்டலோசி (1746–1827) 1774இல் நொய்ஹோஃப் என்னும் தம் பண்ணையில் ஏழைப் பிள்ளைகளையும் அநாதைகளையும் சேர்த்துக்கொண்டு, கோடையில் வயல்வேலையும் குளிர்காலத்தில் நூற்பும் நெசவும் கற்பித்து, அவற்றின் ஊடே எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகளின் உழைப்பில் விளைவதைக் கொண்டே நிறுவனம் நடந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. அது நடக்கவில்லை. பழகாத கைகள் செய்த பொருள் சந்தையில் விலைபோகவில்லை. வேலை கற்றுத் தேறிய பிள்ளைகளைப் பெற்றோர் அழைத்துக்கொண்டு போய்விட்டனர். கடன் முற்றி 1780இல் நிறுவனம் மூடப்பட்டது. கல்வி என்ற வகையில் அங்கே நடந்தது வீண் என்று எவரும் சொல்லிவிட முடியாது. பின்னாளில் உலகம் கொண்டாடிய அவருடைய கல்விக் கொள்கையின் வேர் அந்தத் தோல்வியில்தான் இருக்கிறது. பிள்ளையின் உழைப்பால் நிறுவனம் பிழைக்கும் என்ற எண்ணம் மட்டுமே அங்கே பொய்த்தது.

இந்தியாவில் தாகூர் 1924இல் அநாதைப் பிள்ளைகளுக்காகவும் பள்ளிக்கு அனுப்ப வழியில்லாத ஏழைகளின் பிள்ளைகளுக்காகவும் தொடங்கிய சிட்சா சத்ராவில் தோட்டவேலை பாடத்தின் நடுநாயகமாக இருந்தது. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாட்டிலிருந்து ஆதாரக் கல்வி பிறந்தது. கைத்தொழில் ஒன்றை நடுவில் வைத்து அதன் வழியாகவே மொழி, கணக்கு, அறிவியல் ஆகியவற்றைக் கற்பிக்கும் முறை என்று அதைச் சுருக்கமாக விளக்கலாம். சேவாகிராமத்தில் அதை முன்னின்று நடத்தியவர் இலங்கைத் தமிழரான ஈ. டபிள்யூ. ஆரியநாயகம் என்பது தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி. பிள்ளைகள் செய்யும் பொருளின் விற்பனையே ஆசிரியரின் சம்பளத்தைத் தாங்க வேண்டும் என்று காந்தியடிகள் விரும்பியபோது, பொருளியல் அறிஞர் கே. டி. ஷா அந்த மாநாட்டிலேயே அதை எதிர்த்தார். நொய்ஹோஃபின் அனுபவத்தை அறிந்தவர்களுக்கு ஷாவின் பக்கம் நியாயம் இருப்பது விளங்கும். தமிழ்நாட்டில் தி. சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்த 1946–49 காலத்தில் ஆதாரப் பள்ளிகள் பெருகின. டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் சின்னாளபட்டிக்கு அருகே நிறுவிய காந்திகிராமம், ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லத்தையும் ஆதாரக் கல்வியையும் ஒரே வளாகத்துக்குள் கொண்டுவந்தது.

தமிழ்நாட்டில் பிள்ளைகளின் கையில் மண்வெட்டியைக் கொடுப்பது பற்றிப் பேசும் எவரும் 1953ஐக் கடந்து செல்ல முடியாது. அவ்வாண்டு இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது. உழவன் பிள்ளை உழவனாகவும் வண்ணான் பிள்ளை வண்ணானாகவுமே நின்றுவிட வழிசெய்யும் குலக்கல்வி என்று அதைப் பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் எதிர்த்தனர்; 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு சரியானது. மலையாளிப் பிள்ளைக்கு மலை வேளாண்மையே போதும் என்று இன்று எவரேனும் சொன்னால் அதுவும் அதே தவறின் மறுபிறப்புதான். எனவே இல்லத் தோட்டம் பள்ளி நேரத்தில் ஒரு மணித்துளியைக்கூட எடுத்துக்கொள்ளக் கூடாது. மலையிலிருந்து வந்த பிள்ளைக்கும் கருணாபுரம் போன்ற நகர்ப்புறத் தெருவிலிருந்து வந்த பிள்ளைக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகவே அமைய வேண்டும். மருத்துவராகவோ வருவாய் அலுவலராகவோ போக விரும்பும் பிள்ளையின் வழியில் அது குறுக்கே நிற்கக் கூடாது.

இந்த எச்சரிக்கை கல்வராயனில் இருமடங்கு தேவைப்படுவதற்கு உள்ளூர்க் காரணமும் உண்டு. மூன்று ஜாகீர்தார்களின், அதாவது பரம்பரை நிலத்தலைவர்களின், ஆளுகையில் நெடுங்காலம் இருந்த இம்மலையில், அவர்களுடைய நிலத்தில் கூலியில்லாமல் வேலைசெய்யும் கட்டாயத்துக்கு மக்கள் ஆட்பட்டிருந்தனர். 1976இல்தான் அரசு அப்பகுதியைத் தன் நேரடி நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தது. பாட்டன் கூலியில்லாமல் உழைத்த மலையில், பேரனை நிறுவனத்தின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்கச் சொல்வது எந்த நல்ல நோக்கத்தாலும் நியாயமாகிவிடாது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை எவ்வேலையிலும் அமர்த்துவதைத் தடைசெய்து, பள்ளி நேரம் போகத் தன் குடும்பத்துக்கு உதவும் பிள்ளைக்கு விலக்கு அளிக்கிறது. பிள்ளைகளுக்கு வீடாக இருக்க விரும்பும் இல்லம் அந்த வரம்பை இன்னும் இறுக்கமாகவே தனக்கு விதித்துக்கொள்ள வேண்டும். மாலையில் விளையாட்டுக்குப் பின் அரை மணி நேரம், விருப்பமுள்ளவர்களுக்கு விடுமுறை நாளில் சற்றுக் கூடுதலாக என்பது போதுமான அளவு.

அவ்வளவு குறைந்த நேரத்தில் என்ன விளையும் என்ற ஐயத்துக்குக் கணக்கே விடை சொல்லும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் காய்கறி தர 5 சென்ட் நிலம், ஏறத்தாழ 200 சதுர மீட்டர், போதும் என்று தோட்டக்கலை நூல்கள் கூறுகின்றன. அதன்படி ஒரு பிள்ளைக்கு ஒரு சென்ட். ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 கிராம் காய்கறியும் கீரையும் என்று கொண்டால், 40 பிள்ளைகள் உள்ள இல்லத்துக்கு நாளுக்கு 12 கிலோ, ஆண்டுக்கு நான்கு டன்னுக்கு மேல் தேவைப்படும். அதற்கு 40 சென்ட், அதாவது அரை ஏக்கருக்கும் குறைவான நிலம். ஆனால் கோடையில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்று ஊற்றினாலும் அந்த நிலம் நாளொன்றுக்கு 8,000 லிட்டர் தண்ணீர் கேட்கும். தண்ணீர் இல்லாத இல்லம் முழுத் தேவைக்கும் ஆசைப்படாமல், நாளுக்கு 2 கிலோ கீரையோடு தொடங்குவதே விவேகம். குளியலறை, சமையற்கட்டு நீர் பாயும் வாய்க்காலோரம் வாழையும் பப்பாளியும் வைத்துவிட்டால் அவை தனியாக நீர் கேட்பதில்லை.

கீரைப்பாத்தியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சிறுகீரை விதை கடுகைவிடச் சிறியது. பழகாத பிள்ளை அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவிந்து, ஓரிடத்தில் வெறுமையாகக் கிடக்கும். அதனால் ஒரு பங்கு விதையோடு பல பங்கு மணலைக் கலந்து, ஒருமுறை கிழக்கு மேற்காகவும் மறுமுறை வடக்குத் தெற்காகவும் தூவி, விளக்குமாற்றால் மேலாகக் கீறிவிட்டு, பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். குடத்தைச் சாய்த்து ஊற்றினால் விதை மூலைக்கு ஓடிவிடும். எறும்பு இழுத்துச் செல்லாமலிருக்கப் பாத்தியைச் சுற்றி அடுப்புச் சாம்பல் போட வேண்டும். முளை நெருக்கமாக வந்த இடத்தில் கலைத்துவிட வேண்டும். பிடுங்கிய இளங்கீரை அன்றைய பருப்புக்குப் போகும். இருபத்தைந்தாம் நாள் வாக்கில் வேரோடு பறித்து, எடைபோட்டு, நாளையும் எடையையும் அருகிலுள்ள உழவர் சந்தையின் அன்றைய விலையையும் அந்தப் பிள்ளை தன் நோட்டில் எழுத வேண்டும். அசுவினி வந்தால் இடித்த வேப்பங்கொட்டையை நீரில் ஊறவைத்து வடித்த கரைசலே போதும். கடையில் விற்கும் பூச்சிக்கொல்லி எதையும் பிள்ளைகளின் கையில் கொடுக்கவே கூடாது.

அந்த நோட்டுதான் இத்தோட்டத்தின் உயிர். விளைந்ததை இல்லத்துச் சமையலறை இலவசமாக வாங்கிக்கொள்ளாமல், சந்தை விலைக்கு வாங்கி, அந்தத் தொகையைப் பிள்ளையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போட வேண்டும். இல்லத்துக்கு இதனால் ஒரு ரூபாயும் மிச்சமாகாது என்று நிர்வாகத்தினர் சொல்லக்கூடும்; மிச்சமாக வேண்டிய அவசியமில்லை என்பதே நொய்ஹோஃபும் வார்தாவும் தரும் விடை. தொகை சிறியதாக இருக்கலாம். ஆனாலும் பிறர் கொடுத்ததையே வாங்கி வளர்ந்த ஒரு பிள்ளைக்கு, தான் விளைவித்ததைப் பிறர் விலைகொடுத்து வாங்கினர் என்ற அனுபவம் வேறெந்த வகுப்பிலும் கிடைப்பதில்லை. இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 46ஆம் பிரிவு, பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டு வெளியேறுபவர் சமூகத்தோடு இணைவதற்கான நிதியுதவிக்கு இடமளிக்கிறது. பின்கவனிப்பு எனப்படும் அந்த ஏற்பாட்டோடு, அவருடைய சொந்தச் சேமிப்பும் கணக்கு எழுதிய நோட்டும் சேர்ந்து வெளியேற வேண்டும்.

மலைப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. ஆறு வயதில் விடுதிக்கு வரும் பிள்ளை பத்தாண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பும்போது, எந்தச் சரிவில் மண் தங்கும், எந்த மழைக்குச் சாமை விதைக்கலாம் என்பவை அதற்குத் தெரிவதில்லை. நூறு நாளுக்குள் விளைந்துவிடும் சாமைக்கு இல்லத் தோட்டத்தில் இரண்டு சென்ட் ஒதுக்கி, மலையிலிருந்து ஒரு முதியவரை வரவழைத்து, அவருக்கு உரிய மதிப்பூதியம் கொடுத்து, விதைப்பது முதல் உரலில் குத்திப் புடைப்பது வரை கற்பிக்கச் செய்தால், அடுத்த விதைப்புக்கு வேண்டிய விதையைப் பிள்ளையே ஊருக்கு எடுத்துச் செல்ல முடியும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி பட்டா கிடைக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு நிலம் கைக்கு வரும்போது, அதை என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அது குத்தகைக்குப் போய்விடும்.

கள்ளக்குறிச்சியிலும் சுற்று வட்டாரத்திலும் பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் இல்லங்களில் ஒருவேளைச் சாப்பாடு போடும் நல்லவர்கள் பலர் உள்ளனர். அவர்கள் அடுத்தமுறை செல்லும்போது, இங்கே பிள்ளைகளுக்குத் தோட்டம் உண்டா, அதன் விளைச்சல் யார் கணக்கில் சேர்கிறது என்று இல்லப் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டும். தோட்டம் இல்லையென்றால், ஆடிப்பட்டத்துக்கு முன்பாகச் சாப்பாட்டுச் செலவில் ஒரு பகுதியை ஆடு புகாத வேலிக்கும், ஒரு தண்ணீர்த் தொட்டிக்கும், நாட்டு விதைக்கும், பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற சிறிய மண்வெட்டிகளுக்கும் தர முன்வர வேண்டும்.