பார்வைப் பறவையும் அழைப்பு வேட்டையும்

குருநகர்க் கரையில் நின்று தெற்கே நோக்குவோர்க்குக் கடல்நீரேரிக்கு அப்பால் பூநகரி நிலம் தோன்றும். அந்நிலத்து ஊர்களுள் ஒன்று கௌதாரிமுனை என வழங்குகின்றது. இலங்கையின் வடக்கு, வடமேற்கு வறள்நிலங்களில் வாழும் கௌதாரியைக் குரலால் அழைத்துப் பிடிக்கும் முறை ஈண்டு ஆராயத்தக்கது.

'பார்வை' என்னும் சொல்லுக்குக் கண்ணின் தொழில் என்பதன்றி, தன்னினத்தைப் பிடித்தற்குப் பழக்கிய விலங்கு அல்லது பறவை என்னும் பொருளும் உண்டு. வீரை வெளியனார் பாடிய புறநானூற்று 320ஆம் பாட்டில், வேட்டுவன் உறங்கும் மனைமுன்றிலில் பார்வையாக வளர்த்த பெண்மானைக் கலைமானொன்று தழுவி நிற்கின்றது. அம்முன்றிலில் உலரும் தினையைக் கானக்கோழியும், கௌதாரி இனத்தது என்பர் சொல்லும் இதலும் உண்கின்றன. பார்வை வைத்துப் பிடிக்கும் தொழில் தமிழர்க்குப் பழமையானது என்பது இதனாற் பெறப்படும்.

கௌதாரிச் சேவல் காலையும் மாலையும் உரத்துக் கூவித் தன் நிலவெல்லையை அறிவிக்கும். வேடர், பழக்கிய சேவலொன்றைக் கூட்டிலிட்டு அவ்வெல்லையுள் வைத்து, சுற்றிலும் கண்ணி பரப்புவர். கூட்டுச் சேவல் கூவியதும், அயலான் புகுந்தான் எனச் சினந்து வரும் காட்டுச் சேவல் கண்ணியிற் சிக்கும். இதனையொத்த முறையை யவன அறிஞர் அரிஸ்டாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே விவரித்துள்ளார்.

வட அமெரிக்கக் காட்டு வான்கோழி வேட்டையோ இதனின் வேறானது. அங்கே சேவலை ஈர்ப்பது சினமன்று, காதல். இளவேனிலில் சேவல் முழங்க, பெட்டை அதனை நாடிச் செல்வதே இயல்பு. வேட்டுவன் பெட்டையின் குரலை வாயினாலோ மரப்பெட்டிக் கருவியாலோ எழுப்பி, அவ்வியல்பை மாற்றிச் சேவலைத் தன்பால் வருவிக்க முயல்கின்றான். அவன் ஓயாது அழைப்பின், பெட்டை தானே வரும் எனச் சேவல் நின்றவிடத்தே காத்திருக்கும். சிறிது அழைத்துப் பின் வாளா இருப்பின், அது தேடி வரும். எனவே, அழைப்பதினும் அழைப்பை நிறுத்தும் காலத்தை அறிதலே அரிய உபாயமாம்.

இவ்விரு முறைகட்கும் அடிப்படை ஒன்றே: வேட்டுவன் பறவையின் குரலை மட்டுமன்றி, அதன் உள்ளத்தையும் கற்றிருக்கின்றான். அக்கல்வி நுண்ணியதாயினும் அதன் பயன் கொலையாயிற்று. இனத்தைப் பெருக்கும் பொருட்டு அமைந்த குரலே அவ்வினத்திற்குக் கண்ணியாதல் இரங்கத்தக்கதன்றோ?

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கௌதாரி வேட்டையைத் தடுக்கின்றது. இலங்கையிற் காட்டுயிர்களைக் காத்தற்கு 1937ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் உளது. எனினும், வேட்டையுடன் அவ்வறிவும் அழிதல் வேண்டா. புதரில் மறைந்து வாழும் பறவைகளை இன்று ஆராய்ச்சியாளர் அவற்றின் கூவலைக் கேட்டே கணக்கிடுகின்றனர். வேடன் செவியிற் பயின்ற அந்நுண்ணறிவை நம் மாணவரும் பயில்வாராக. அவர் விடியலிற் கேட்டுக் குறிக்கும் கூவல்களே, இப்பறவை நம் நிலத்திற் பெருகுகின்றதா அருகுகின்றதா என்பதை உணர்த்தும்.