ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?



நம் குழுக்கள் எல்லாவற்றிலும் விதிமுறைகள் உண்டு. கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம், தவணை கட்டத் தவறினால் அபராதம் என்று தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஆனால் அந்த அபராதத்தை வசூல் பண்ண ஆளே இல்லையென்றால்? "அது பாட்டுக்கு நோட்டுல கிடக்கும்" என்பீர்கள். நாடுகள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்திலும் இப்படி நடப்பதுண்டு. குவாத்தமாலா என்ற நாட்டில் நடந்ததை இந்த இதழில் பார்ப்போம்.

தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் என்றால் என்ன?

ஒரு நாட்டுச் சரக்கு இன்னொரு நாட்டுக்குள் போகும்போது சுங்க வரி கட்ட வேண்டும். "உன் சரக்குக்கு நான் வரி போடமாட்டேன், என் சரக்குக்கு நீயும் போடாதே" என்று நாடுகள் பேசி முடிவு செய்வதுதான் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம்.

வரி போனால் விலை குறையும், வியாபாரம் பெருகும், வெளிநாட்டு ஆர்டர் வந்தால் வேலையும் கிடைக்கும். நல்லதுதானே, தொழிற்சங்கங்கள் ஏன் எதிர்க்கின்றன?

அவர்கள் சொல்லும் காரணம் இதுதான். கூலியை அமுக்கி, சங்கம் வைத்தவரை வேலையை விட்டு நிறுத்தி, மிரட்டியும்கூட சரக்கை மலிவாக்கலாம். அப்படிச் செய்யும் இடத்துக்கு வரிச் சலுகையும் கொடுத்தால் அங்குள்ள தொழிலாளி மேலும் நசுக்கப்படுவார். அந்த மலிவுச் சரக்கோடு போட்டி போட முடியாமல் வாங்கும் நாட்டிலும் ஆலைகள் மூடப்படும். ஆக, இரண்டு பக்கமும் நஷ்டம் தொழிலாளிக்குத்தான்.

குவாத்தமாலாவில் என்ன நடந்தது?

மத்திய அமெரிக்காவில் உள்ள சிறிய நாடு குவாத்தமாலா. வாழைப்பழம், காபி, தைத்த துணிகள் எல்லாம் அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போகின்றன. 2004-ல் மத்திய அமெரிக்க நாடுகள் ஐந்தும் டொமினிக்கன் குடியரசும் அமெரிக்காவோடு வர்த்தக ஒப்பந்தம் செய்தன. சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. 2005 ஜூலையில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 217-க்கு 215 என்று இரண்டே ஓட்டு வித்தியாசத்தில்தான் அது நிறைவேறியது. குவாத்தமாலாவில் 2006 ஜூலையில் அமலுக்கு வந்தது.

"ஒவ்வொரு நாடும் தன் தொழிலாளர் சட்டத்தை ஒழுங்காக நடைமுறைப்படுத்த வேண்டும்" என்று அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. ஆனால் 2007 ஜனவரியில் குவாத்தமாலாவின் துறைமுகத் தொழிற்சங்கத் தலைவர் பெட்ரோ சமோரா சுட்டுக் கொல்லப்பட்டார். சங்கம் வைத்ததால் வேலையிழந்தவர்களை மீண்டும் சேர்க்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போட்டும் முதலாளிகள் சேர்க்கவில்லை. அரசாங்கமும் கண்டுகொள்ளவில்லை.

2008 ஏப்ரலில் குவாத்தமாலாவின் ஆறு சங்கங்களும், அமெரிக்காவின் ஏ.எப்.எல்.-சி.ஐ.ஓ. அமைப்பும் சேர்ந்து அமெரிக்க அரசிடம் புகார் கொடுத்தன. பல குழுக்கள் சேர்ந்து நம் கூட்டமைப்பு ஆனது போல, பல சங்கங்கள் சேர்ந்த அமைப்பு அது. பேச்சுவார்த்தை, செயல்திட்டம், வாய்தா என்று இழுத்து, 2017 ஜூனில்தான் நடுவர் குழு தீர்ப்புச் சொன்னது. புகார் கொடுத்து ஒன்பது வருடம்!

தீர்ப்பு என்ன? 8 வேலையிடங்களில் 74 தொழிலாளர்கள் விஷயத்தில் கோர்ட் உத்தரவை நிறைவேற்ற குவாத்தமாலா அரசு தவறியது உண்மை என்றார்கள். ஆனாலும் அபராதம் இல்லை. ஏனென்றால், தவறு "தொடர்ச்சியாக" நடந்து, "வர்த்தகத்தைப் பாதிக்கும் விதத்தில்" இருந்தால்தான் ஒப்பந்தத்தை மீறியதாகும் என்று எழுதி வைத்திருந்தார்கள். அதை நிரூபிக்க முடியவில்லை. தொழிலாளியின் வேலை போனது மட்டும் போதவில்லை, வியாபாரமும் கெட்டிருக்க வேண்டுமாம்!

பிறகு ஏதாவது மாறியதா?

மாறியது. அமெரிக்கா, மெக்சிகோ, கனடா மூன்றும் போட்ட புதிய ஒப்பந்தம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. சங்கங்கள் விடாமல் போராடியதால், தனித்தனி தொழிற்சாலை மீதே புகார் கொடுத்து விரைவாக விசாரிக்கும் ஏற்பாடு அதில் சேர்ந்தது. மீறல் இருந்தால் அது வர்த்தகத்தைப் பாதிப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்றால் எதிர்த்தரப்புதான் நிரூபிக்க வேண்டும் என்றும் மாற்றினார்கள்.

2021-ல் மெக்சிகோவின் சிலாவோ நகரில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலையில், பழைய சங்கம் போட்ட கூலி ஒப்பந்தம் வேண்டுமா என்று ஓட்டெடுப்பு நடந்தபோது ஓட்டுச் சீட்டுகள் அழிக்கப்பட்டன. புதிய ஏற்பாட்டின்படி தலையிட்டதும் அதே ஆகஸ்டில் மறு ஓட்டு. தொழிலாளர்கள் பழைய ஒப்பந்தத்தை வேண்டாம் என்றார்கள். 2022 பிப்ரவரியில் அவர்களே அமைத்த புதிய சங்கம் ஜெயித்தது. அதன் தலைவி அதே ஆலையில் வேலை பார்த்த பெண், அலெஹாந்த்ரா மொராலெஸ். மே மாதத்தில் 8.5 சதவீத கூலி உயர்வும் வாங்கினார்கள்.

அங்கே ஒன்பது வருடம், இங்கே ஒரு வருடம். இரண்டு இடத்திலும் தொழிலாளியின் உரிமை எழுத்தில் இருந்தது. அதை அமல்படுத்தும் வழியில்தான் வித்தியாசம்.

நாம் என்ன கேட்க வேண்டும்?

2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்திலும் தொழிலாளர் பற்றித் தனி அத்தியாயம் இருக்கிறது. பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் நம் வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். அதனால் இது நமக்கும் உள்ள விஷயம்தான். எந்த ஒப்பந்தமானாலும் நான்கு கேள்வி கேளுங்கள்:

1. புகாரை யாரிடம் கொடுப்பது?
2. எத்தனை நாளில் பதில்?
3. நிரூபிக்க வேண்டியது யார்?
4. மீறினால் என்ன தண்டனை?

இந்த நான்குக்கும் பதில் இல்லாத விதி ஏட்டுச் சுரைக்காய்தான். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் கலந்து பேசுங்கள். அப்படியே நம் தீர்மான நோட்டையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.