மயிர்க்காலின் பசியும் மலையகப் பெண்களின் இரும்பும்

ஹல்துமுல்லைச் சரிவுகளில் கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி, வேரில் சேமித்த மாப்பொருளைச் செலவிட்டே மீண்டும் துளிர்க்கிறது. தலைமுடியின் வளர்ச்சியும், மேலே தடவும் எண்ணெயைவிட, உடலுக்குள் உள்ள இத்தகைய இருப்பையே பெரிதும் சார்ந்துள்ளது. தலையிலுள்ள ஏறத்தாழ 1,00,000 மயிர்க்கால்கள் ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, சில வாரங்களில் சுருங்கி, சுமார் 3 மாதங்கள் ஓய்ந்து, பழைய முடியை உதிர்த்துப் புதியதைத் தொடங்குகிறது.

ஓய்ந்த மயிர்க்காலை எழுப்புவதில் அனுசேபத்துக்கு, அதாவது கலங்கள் உணவைச் சக்தியாகவும் கட்டுமானப் பொருளாகவும் மாற்றும் வேதிவினைகளுக்கு, முக்கிய பங்குண்டு. அங்கே தங்கியிருக்கும் குருத்துக் கலங்கள், குளுக்கோசை முழுவதும் எரிக்காமல் லாக்டேட்டாக மாற்றும் வழியை அயற்கலங்களைவிட அதிகம் கையாளுகின்றன. 2017இல் லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் லவுரி, ஹெதர் கிறிஸ்டொபக் ஆகியோரின் குழுவினர், லாக்டேட்டை உண்டாக்கும் நொதியத்தை எலிகளின் குருத்துக் கலங்களிலிருந்து நீக்கியபோது புதிய முடி முளைக்கவில்லை. பைருவேட் எனும் இடைப்பொருள் இழைமணிக்குள் நுழைவதைத் தடுத்து லாக்டேட்டைப் பெருக்கியபோதோ முடி முன்னதாகவே முளைத்தது. இதைக்கொண்டு மனிதருக்கு மருந்து கிடைத்துவிட்டதாகக் கருதுவது அவசரமாகும்.

விழித்த மயிர்க்காலின் அடியிலுள்ள கலங்கள் உடலிலேயே மிக விரைவாகப் பிரிவனவற்றுள் அடங்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் டிஎன்ஏ புதிதாக ஆக்கப்பட வேண்டும். அதன் மூலக்கூறுகளைத் தயாரிக்கும் நொதியம் இரும்பின்றி இயங்காது. இரும்புக் குறைவு எவ்வளவு முடியுதிர்வை உண்டாக்கும் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், இரத்தச்சோகை நெடுங்காலமாகத் தொடரும் மலையகத் தேயிலைத் தோட்டப் பெண்களிடையே இத்தொடர்பைப் புறக்கணிப்பது சரியன்று. மாதவிடாயும் பிள்ளைப்பேறும் இரும்பைக் குறைக்க, ரொட்டியோடு குடிக்கும் பிளேன்டி எனும் பாலற்ற தேநீரிலுள்ள பொலிபீனோல்கள் உணவின் இரும்பைப் பிணைத்து, குடல் அதை உறிஞ்சாதபடி தடுக்கின்றன. தம் கையால் பறித்த கொழுந்தே தமக்கு இவ்வாறு தடையாவது வேதனைக்குரியது.

பிரசவமோ கடுங்காய்ச்சலோ பல மயிர்க்கால்களை ஒருசேர ஓய்வுக்குத் தள்ளினாலும், உதிர்வு 2 அல்லது 3 மாதங்கள் கழித்தே தெரிவதால், உண்மைக் காரணம் மறந்துபோய், அண்மையில் மாற்றிய சவர்க்காரமும் குளித்த தண்ணீரும் பழி ஏற்கின்றன. அத்தகைய உதிர்வு பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். நீடித்தால், இரும்பின் இருப்பைக் காட்டும் பெரிட்டின் எனும் புரதத்தை இரத்தப் பரிசோதனையால் அளக்கலாம். கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையைப் பிளேன்டியோடு விழுங்காமல், தண்ணீரிலோ தேசிக்காய்ச் சாற்றிலோ எடுத்து, தேநீரை ஒரு மணித்தியாலமாவது தள்ளிப் போடுவது பயன் தரும். முடி மாதம் ஏறத்தாழ 1 சென்டிமீற்றரே வளர்வதால், அப்பயன் கண்ணுக்குத் தெரியப் பல மாதங்கள் செல்லும்.