திரையில் ஒரு பள்ளிக்கூடம்!

கம்ப்யூட்டர் திரையில் நடப்பதை அப்படியே படம் பிடித்து வைக்கலாம். அதற்குக் காமிரா வேண்டாம். விளக்கு வேண்டாம். தனிச் செலவும் இல்லை!

இந்த வித்தையைக் கொண்டு ஒருவர் பள்ளிக்கூடமே நடத்துகிறார். அவர் பெயர் சல்மான் கான். இந்தி நடிகர் அல்ல. இவர் அமெரிக்கர்.

கணக்கு வராத சிறுமி

2004-ம் ஆண்டில் சல்மான் கான் பாஸ்டன் நகரில் வேலை பார்த்து வந்தார். அவருடைய உறவுக்காரச் சிறுமி ஒருத்தி நியூ ஆர்லியன்ஸ் நகரில் படித்துக் கொண்டு இருந்தாள். அவளுக்கு வயது 12. கணக்குப் பாடத்தில் தடுமாறினாள்.

இரண்டு ஊருக்கும் நெடுந்தூரம். ஆகவே, டெலிபோனில் பேசியபடி, கம்ப்யூட்டரில் எழுதிக் காட்டிப் பாடம் சொன்னார். சிறுமி தேறினாள்.

விஷயம் பரவியது. இன்னும் பல பிள்ளைகள் வந்தார்கள். எல்லோருக்கும் தனித்தனியே சொல்லிக் கொடுக்க நேரம் ஏது?

2006-ம் ஆண்டில் ஒரு வழி கண்டார். திரையில் கணக்கு எழுதினார். அதையும் தன் குரலையும் சேர்த்துப் பதிவு செய்தார். யூடியூபில் போட்டார். அவர் முகம் தெரியாது. கறுப்புத் திரை, கலர் எழுத்து, குரல். அவ்வளவுதான்!

நேரில் கேட்பதைவிட இதுவே பிடித்து இருக்கிறது என்று உறவுப் பிள்ளைகள் சொன்னார்கள். காரணம் என்ன? புரியாத இடத்தில் நிறுத்தலாம். பத்துத் தடவை கேட்கலாம். "இது கூடவா தெரியாது?" என்று யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்!

2009-ம் ஆண்டில் கான் வேலையை விட்டார். இலவசமாகப் பாடம் சொல்வதே தொழில் ஆயிற்று. அதுதான் "கான் அகாடமி".

படம் ஒன்று, குரல் பல

பதிவில் படம் வேறு, ஒலி வேறு. ஒலியை மட்டும் எடுத்துவிட்டு, வேறு குரலைச் சேர்க்கலாம். டப்பிங் சினிமா மாதிரி!

மும்பை ஐ.ஐ.டி. இதைத்தான் செய்கிறது. "ஸ்போக்கன் டுடோரியல்" என்பது அந்தத் திட்டத்தின் பெயர். கம்ப்யூட்டர் வேலைகளைத் திரைப் பதிவாகக் கற்றுத் தருகிறார்கள். ஒரு பாடம் சுமார் 10 நிமிடம். திரையில் தெரிவது ஆங்கிலம்; காதில் கேட்பது தமிழ்! இங்கிலீஷ் பேச்சு புரியாத மாணவனும் பாடத்தைப் பார்த்துப் பார்த்துத் தானே செய்து பழகலாம்.

எப்படி எடுப்பது?

"விண்டோஸ் 11" கம்ப்யூட்டரில் விண்டோஸ், ஷிப்ட், ஆர் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்த வேண்டும். எந்த இடத்தைப் பதிவு செய்வது என்று மவுசால் கட்டம் போட்டுவிட்டு, "ஸ்டார்ட்" கொடுக்க வேண்டும். மேக் கம்ப்யூட்டர் என்றால் ஷிப்ட், கமாண்ட், 5.

ஒலி வேண்டுமா?

ஒலியில் இரண்டு வகை உண்டு. மைக் வழியாகப் போகும் உங்கள் குரல் ஒன்று. கம்ப்யூட்டரே எழுப்பும் ஓசை மற்றொன்று.

பாடம் சொல்லவும், பாட்டிக்கு ஒரு வேலையை விளக்கவும் குரல் வேண்டும். மைக்கைத் திறந்து வையுங்கள். அடுப்படியில் குக்கர் விசில் அடித்தால் அதுவும் பதிவாகும்!

கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு வருகிறது. மெக்கானிக் வந்ததும் மறைந்து விடுகிறது. அதைக் காட்டப் படம் மட்டும் போதும். மைக்கை மூடி விடுங்கள். வீட்டில் பேசுவது வெளியே போகாது.

ஜாக்கிரதை!

பதிவு ஓடும்போது பாங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். திடீரென்று வரும் செய்தியும் படத்தில் விழும். ரகசிய எண் அதில் இருந்தால், பணத்துக்கே ஆபத்து!

பிறருடன் பேசுவதைப் பதிவு செய்ய, அவர்களிடம் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள்.

பதிவை யாருக்கு அனுப்பினாலும் சரி, அதற்கு முன் ஒரு தடவை முழுவதும் போட்டுப் பாருங்கள். அனுப்பிய பிறகு திரும்பப் பிடிப்பது கஷ்டம்!