தோத்துட்டா என்ன பண்றது? பயத்தை ஓரங்கட்ட கி.ரா. வாழ்க்கை காட்டும் வழி!

'தோத்துட்டா என்ன பண்றது? நாலு பேர் சிரிப்பாங்களே?' எழுத, பாட, கடை போட, விட்ட படிப்பைத் தொடர ஆசைப்படும் பலரையும் கட்டிப்போடுவது இந்த ரெண்டு கேள்விதான். இதே காரணங்களைச் சொல்லி ஒதுங்கிப்போக எல்லா வாய்ப்பும் இருந்தும் ஒதுங்காத ஒருவர், புதுச்சேரி லாஸ்பேட்டையில் வாழ்ந்தார். அவர்தான் எழுத்தாளர் கி.ராஜநாராயணன்.

யார் இந்த கி.ரா.?

கோவில்பட்டி அருகே இடைசெவலில் 1923 செப்டம்பர் 16-ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பையே முடிக்காத விவசாயி. இளம் வயதில் காசநோயும் படுத்தி எடுத்தது. அவருடைய 'மாயமான்' சிறுகதை 'சரஸ்வதி' இதழில் வெளியானது 1958-ல். அப்போது வயது சுமார் 35. 'இனிமே என்னத்த?' என்று பலரும் ஆசையை மூட்டை கட்டும் வயது அது.

பயம் எங்கிருந்து வருகிறது?

தோல்வியைவிட, தோற்ற பிறகு வரும் அவமானத்துக்குத்தான் நாம் அதிகம் பயப்படுகிறோம். அதனால் 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று தள்ளிப் போடுகிறோம். தள்ளிப் போட்டால் தோல்வி வராது, உண்மைதான். ஆனால் அனுபவமும் வராது. பயமும் அப்படியே இருக்கும்.

குறையே பலமானது எப்படி?

கி.ரா. தனக்கு இல்லாத பட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. தனக்குத் தெரிந்த கரிசல் மக்களின் பேச்சு மொழியிலேயே எழுதினார். 1976-ல் 'கோபல்ல கிராமம்' நாவல் வந்தது. 1982-ல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்து வெளியிட்டார். பொதுவாக எல்லோரும் ஓய்வுபெறும் வயதைத் தாண்டிய பிறகு, புதுவைப் பல்கலைக்கழகம் அவரை நாட்டுப்புறவியல் துறைக்கு வருகைதரு பேராசிரியராக அழைத்தது. 1991-ல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு சாகித்ய அகாடமி விருது கிடைத்தது.

2021 மே 17-ல் புதுச்சேரியில் காலமானார். தமிழ்நாடு அரசு மரியாதையுடன் சொந்த ஊரில் அவருக்கு இறுதிச் சடங்கு நடந்தது.

நாம் என்ன செய்யலாம்?

* வேலையை விட்டுவிட்டுத்தான் கனவைத் துரத்தணும்னு இல்லை. கி.ரா. விவசாயம் பார்த்துக்கொண்டேதான் எழுதினார். வயிற்றுப் பிழைப்பு பத்திரமாக இருந்தால், தோல்வி பெரிய அடியாக விழாது.

* 'ஜெயிப்பேனா?' என்ற கேள்வியை 'இந்த வாரம் எதை முடிப்பேன்?' என்று மாற்றுங்கள். முதல் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. இரண்டாவதற்கு உங்களால் முடியும்.

* இல்லாததைப் பட்டியல் போடுவதை நிறுத்திவிட்டு, மற்றவர்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்தது எது என்று பாருங்கள். தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

* தோத்தால் எவ்வளவு பணம், எத்தனை மாதம் போகும் என்று காகிதத்தில் எழுதிப் பாருங்கள். தாங்க முடிகிற அளவுதான் என்றால் இறங்கலாம். முடியாது என்றால் கனவை விட வேண்டாம், முதல் அடியைச் சின்னதாக வைத்தால் போதும்.